அறுபதில் ஒரு பங்கு

அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா பையன் பிடித்துக்கொண்டான். "மாமா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க."

நியாயம் சொல்லும் வயது வந்துவிட்டதே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது. காபி வரும்வரை கேட்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வழக்கு இதுதான். பையன் காலேஜ் இரண்டாம் வருஷம். லீவில் வேலை பார்த்துச் சேர்த்தது பாதி, அப்பாவிடம் கெஞ்சி வாங்கியது பாதி என்று போட்டு ஒரு புது மானிட்டர் வாங்கியிருக்கிறான். நொடிக்கு 144 முறை படத்தை மாற்றிக் காட்டும் ரகம். அதற்கு ஈடு கொடுக்க ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கடையில், "எந்த கேம் போட்டாலும் பறக்கும் தம்பி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். துப்பாக்கி கேம் போட்டான், பறந்தது. கார் ரேஸ் போட்டான், பறந்தது. அவனுக்கு உயிரான 'டெக்கன் 8' என்கிற சண்டை கேமைப் போட்டான். நொடிக்கு 60 படத்தில் போய் நின்றுவிட்டது. செட்டிங்கில் எவ்வளவு துழாவியும் ஏற்ற வழியில்லை. பூட்டு.

"84 ஃப்ரேம் வேஸ்ட் மாமா. காசு குடுத்தவனை ஏமாத்தறாங்க. இந்த கேமுக்கு விமர்சனத்துல மார்க் குறைக்கணும்."

"நான் அப்பவே சொன்னேன், கேட்டானா?" என்று உள்ளே இருந்து அக்கா வீட்டுக்காரரின் குரல் வந்தது. அப்பாக்களின் தேசிய கீதம்.

விமர்சனம் என்ற சொல் என்னை உசுப்பிவிட்டது. ஒரு படத்தை, புத்தகத்தை விமர்சிக்கும்போது முதலில் அது எதற்காக உண்டாக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். வெண்பாவைப் பார்த்து 'தளை தட்டாமல் எழுதியிருக்கிறாரே, கொஞ்சம் தாராளமாக இருந்தால் என்ன?' என்று மார்க் குறைப்பவரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? பையனின் கோபம் அந்த ரகம். அந்த 60 தொழில்நுட்பக் குறை இல்லை, அந்த விளையாட்டின் இலக்கணமே அதுதான் என்பது என் கட்சி. அதை அவனுக்குப் புரியவைக்க முதலில் அவன் அப்பாவின் பட்டறைக்குப் போகவேண்டியிருந்தது.

அக்கா வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் உண்டு. ட்யூப் லைட் வெளிச்சத்தில் லேத் நிற்பதுபோல் தெரிந்தால் கையை வைக்காதே.

காரணம் இது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, தொடர்ந்து எரிவதாக நினைத்துக்கொள்வோம். லேத்தின் நாலு ஜா சக் நிமிஷத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று சுழல்கிறது என்று வையுங்கள். ஒரு பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் இடையில் சரியாகக் கால் சுற்று. ஒரு ஜா இருந்த இடத்தில் அடுத்த ஜா வந்து நிற்கும். ஒவ்வொரு பளிச்சிலும் அதே காட்சி. சக் அப்படியே நிற்கிறாற்போல இருக்கும். கையை வைத்தால் போச்சு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து ட்யூப் லைட்டுகளை வேறு வேறு ஃபேஸில் இணைப்பார்கள். ஒன்று மங்கும்போது மற்றது எரியும்.

பையனிடம் கேட்டேன். "ரெண்டு பளிச்சுக்கு நடுவுல சக் என்னடா செய்யுது?"

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்."

"நாம பார்க்கலைன்னாலும்?"

"பார்க்கலைன்னாலும்."

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சினிமா.

பேசும் படம் வந்த நாளிலிருந்து சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். ஆனால் நம்மூர் சண்டைக் காட்சிகளில் ஒரு பழைய கைவேலை உண்டு. கேமராவை 20 அல்லது 22 ஃப்ரேமில் ஓடவிட்டுப் படம்பிடிப்பார்கள். தியேட்டரில் 24-ல் ஓட்டும்போது ஹீரோவின் கை, அதற்குச் சொந்தமில்லாத ஒரு வேகத்தைப் பெற்றுவிடும். பழைய படங்களில் ஹீரோ சுழன்று சுழன்று அடிக்கையில், பின்னால் விழும் அடியாளும் கொஞ்சம் அவசரமாகவே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செட் போட்டு இன்றைக்கு எடுக்கிற சண்டைகளிலும் இது உண்டு. கேமராவில் செய்ததை இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள், அவ்வளவுதான். அடி விழும் இடத்தில் மெதுவாக்கி, எழுந்து ஓடும் இடத்தில் வேகமாக்கி, நேரத்தை ரப்பர் மாதிரி இழுப்பார்கள். நாமும் விசில் அடிக்கிறோம். தப்பில்லை. சினிமாச் சண்டையில் யார் ஜெயிப்பார் என்பது போஸ்டரிலேயே தெரியும். நேரத்தை இழுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

சினிமாவிலும் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் ஹீரோவின் கை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கேமரா பார்க்கவில்லை, அவ்வளவே. கூடுதல் ஃப்ரேமில் எடுத்திருந்தால் கூடுதல் உண்மை கிடைத்திருக்கும்.

சண்டை கேமில் அப்படி இல்லை. அங்கே இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் எதுவுமே கிடையாது.

இதுதான் விஷயமே. அந்த உலகத்தில் காலம் ஆறு மாதிரி ஓடுவதில்லை, படிக்கட்டு மாதிரி இருக்கிறது. நொடிக்கு 60 படி. ஒவ்வொரு படியிலும் கம்ப்யூட்டர் கேட்கும்: முதல் ஆள் என்ன பட்டன் அழுத்தினான்? இரண்டாவது ஆள் என்ன அழுத்தினான்? யார் கை எங்கே இருக்கிறது? எது எதன்மேல் பட்டது? தீர்ப்பு சொல்லிவிட்டு அடுத்த படி. படிகளுக்கு நடுவில் முஷ்டி எங்கே இருந்தது என்று கேட்பது, கேரம் போர்டில் இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் காய் என்ன நினைத்தது என்று கேட்பதைப்போல. துப்பாக்கி கேமில் ஃப்ரேம் என்பது பெரும்பாலும் ஜன்னல், அதிகம் இருந்தால் நன்றாகத் தெரியும். சண்டை கேமில் அதுதான் தரை.

ஒரு குத்து எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். அதற்கு மூன்று பாகம். கிளம்பும் ஃப்ரேம்கள், படும் ஃப்ரேம்கள், கை திரும்பும் ஃப்ரேம்கள். டெக்கனில் பெரும்பாலான பாத்திரங்களின் சாதாரணக் குத்து 10-வது ஃப்ரேமில் போய்ப் படும். நீங்கள் ஒரு பெரிய உதை விடுகிறீர்கள், எதிராளி தடுத்துவிடுகிறார். தடுத்தவர் சுதாரித்ததற்கு 10 ஃப்ரேம் கழித்துத்தான் நீங்கள் சுதாரிப்பீர்கள் என்று அந்த உதைக்கு விதி எழுதியிருந்தால், அவருடைய 10 ஃப்ரேம் குத்து உங்கள்மேல் நிச்சயமாக விழும். 9 ஃப்ரேம் என்று எழுதியிருந்தால் தப்பித்தீர்கள். ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அதில்தான் உதை வாங்குவதும் வாங்காததும். இந்தக் கணக்கைப் பட்டியல் போட்டு, நாம் வாய்ப்பாடு படித்தமாதிரி மனப்பாடம் செய்கிறார்கள் பிள்ளைகள். பையன் 40 உதைகளுக்குக் கணக்கு ஒப்பித்தான். இன்ஜினீயரிங் மேத்ஸில் அரியர் வைத்தவன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கண்ணால் பார்த்து, மூளைக்குப் போய், விரல் அசைய மனுஷனுக்குச் சுமார் கால் நொடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். ஃப்ரேமில் சொன்னால் 15-லிருந்து 12. ஆகவே 10 ஃப்ரேம் குத்தைப் பார்த்துத் தடுக்கவே முடியாது. அவன் குத்தப்போகிறான் என்று முன்கூட்டியே ஊகிக்கவேண்டும். 20 ஃப்ரேமுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அடியைப் பார்த்தே தடுக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர். அதற்கு இந்தப் பக்கம் மனசைப் படிக்கும் வேலை, அந்தப் பக்கம் கண்ணும் கையும் செய்யும் வேலை. நல்ல சண்டை கேம் என்பது ஒவ்வொரு அடியையும் இந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்து யோசித்து வைத்ததுதான். ஃப்ரேமின் நீளம் மாறினால் சுவர் நகர்ந்துவிடும். வீடே இடிந்துவிடும்.

இடிந்தது உண்டு. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஜப்பானில் கேப்காம் கம்பெனி 1991-ல் வெளியிட்டது. நொடிக்குச் சுமார் 60 ஃப்ரேம். இந்த 60 எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவின் கரன்ட்டிலிருந்து. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதற்கேற்ப டி.வி.யை வகுத்தார்கள். ஜப்பான் அந்த டி.வி. முறையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் கரன்ட் 50, டி.வி.யும் 50. ஐரோப்பிய டி.வி.க்காக வந்த வீட்டு மெஷினில் அதே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 படியின் எண்ணிக்கையை மாற்றாமல் நொடிக்கு 50 படியாக ஏறியது. ஆட்டம் சுமார் 17 சதவீதம் மந்தம். 13 ஃப்ரேம் அடி ஒன்று 60-ல் 217 மில்லி செகண்டில் வரும், 50-ல் 260-ல் வரும். முன்னதை ஊகித்துத்தான் தடுக்கவேண்டும், பின்னதைப் பார்த்தே தடுத்துவிடலாம். பெயரும் படமும் அதேதான். ஆட்டம் வேறு.

இப்போது பையன் கேட்டதைக் கொடுத்துப் பார்ப்போம். பூட்டைத் திறந்துவிடுகிறோம். அவன் கம்ப்யூட்டரில் நொடிக்கு 144 படி, எதிர்வீட்டுப் பையனின் பழைய லேப்டாப்பில் 47. ஃப்ரேம் எண்ணிக்கையில் விதி எழுதினால் இவன் குத்து மூன்று மடங்கு வேகம். அது அநியாயம் என்று, 'போன படியிலிருந்து எவ்வளவு நேரம் ஆச்சு' என்று பார்த்து அதற்கேற்பக் கையை நகர்த்தலாம். பல கேம்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அப்போது, படியின் உயரம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒருவன் மெஷினில் முஷ்டி தாடையைத் தொட்ட கணம், இன்னொருவன் மெஷினில் இரண்டு படிகளுக்கு நடுவில் காணாமல் போய்விடலாம். 'பட்டுச்சு', 'படலை' என்று தெருக் கிரிக்கெட் மாதிரி ஆகிவிடும். பணக்கார மெஷின் வைத்திருப்பவன் பேட்டுக்குச் சொந்தக்காரன்.

"சரி மாமா, உள்ளே கணக்கை 60-லயே போடட்டும். நடுவுல படத்தை மட்டும் நிரப்பி 144-ஆ காட்டலாமே?" என்றான். புத்திசாலி. செய்யலாம்தான். ஆனால் 5-வது படிக்கும் 6-வது படிக்கும் நடுவில் ஒரு படம் போட, 6-வது என்னவென்று தெரிந்திருக்கவேண்டும். அதற்குக் காத்திருந்தால் அது தாமதம். காத்திராமல் ஊகித்துப் போட்டால், வராத குத்து ஒன்று வந்ததாகப் படம் காட்டும். ஒரு ஃப்ரேமில் உயிர் போகிற ஆட்டத்தில் நடக்காததைக் காட்டுவது அழகு ஆகாது, பொய் சாட்சி ஆகும்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: காலப்பிரமாணம். பாட்டு எந்த வேகத்தில் ஆரம்பித்ததோ அதே வேகத்தில் முடியவேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கிறபோது, ஒரு அட்சரத்துக்குள் நாலு வைக்கலாம், ஐந்து வைக்கலாம், ஏழு வைக்கலாம், பாதியில் நிறுத்தி நம்மைத் தவிக்கவிடலாம். எல்லாச் சுதந்திரமும் உண்டு, அட்சரத்தின் நீளத்தை மாற்றுவதைத் தவிர. அதை மாற்றினால் 'ஓடறான்' என்பார்கள் பின்வரிசையில். அட்சரம் நிலையாக இருப்பதால்தான் இருவருக்கும் நடுவில் சவால் சாத்தியமாகிறது. பூட்டு போட்டது தாளத்துக்கு. கைக்கு இல்லை.

அப்படிப் பூட்டிய தாளத்துக்குள் எதிர்பாராத சங்கதிகளும் பிறக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ உருவாக்கியபோது நோரிடாகா ஃபுனாமிஸு என்பவர், காரை உடைக்கும் போனஸ் ஆட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தார். ஒரு அடியின் முடிவோடு அடுத்த அடியைச் சரியான கணத்தில் சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு விழுவதைக் கவனித்தார். இவ்வளவு துல்லியமாக யார் அழுத்தப்போகிறார்கள் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். உலகமே அழுத்தியது. இன்றைக்குக் 'காம்போ' இல்லாத சண்டை கேம் கிடையாது. படியின் நீளம் மாறாமல் இருந்ததால்தான் ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் திரும்பச் செய்ய முடிந்தது. திரும்பச் செய்ய முடிந்தால் அது வித்தை, முடியாவிட்டால் அதிர்ஷ்டம்.

வித்தைக்கு ஒரு சான்று. 2004 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் 'ஈவோ' போட்டி. ஆட்டம் 1999-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக்'. ஜப்பானின் டைகோ உமேஹாராவுக்கு உயிர் ஒரு மயிரிழை பாக்கி. அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் தன் பெரிய அஸ்திரத்தை விடுகிறார். தொடர்ச்சியாக 15 அடி. சாதாரணமாகத் தடுத்தால்கூடக் கொஞ்சம் உயிர் தேயும், டைகோவிடம் தேய உயிர் இல்லை. ஒரே வழி, ஒவ்வொரு அடியும் படும் தருணத்தில் குச்சியை எதிராளியை நோக்கித் தட்டி அதைச் செல்லாக்காசாக்குவது. சில ஃப்ரேம் முந்தினாலும் பிந்தினாலும் சாவு. பதினைந்தையும் தட்டினார். கடைசி அடியை எகிறி, ஆகாயத்தில். பிறகு திருப்பி அடித்து ஜெயித்தார். அந்தக் காட்சியில் கூட்டம் போடும் சத்தத்தைக் கேளுங்கள், சேப்பாக்கம் தோற்றது. தொடரை ஜெயித்தது வேறொருவர், அது இன்று யாருக்கும் ஞாபகமில்லை. டைகோ அந்த 15 தட்டலை எத்தனை ஆயிரம் முறை பழகியிருப்பார்? பழகிய மெஷினில் இருந்த தாளம் பொமோனா மெஷினிலும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தானே?

பூட்டு எவ்வளவு யோசித்துப் போடப்பட்டது என்பதற்கு இரண்டு உதாரணம். 2015-ல் வந்த 'மார்ட்டல் காம்பேட் எக்ஸ்'. சண்டை ஓடும்போது 60 ஃப்ரேம். சண்டை முடிந்து, தோற்றவனைக் கோரமாகக் கொல்லும் காட்சி வெளியான புதிதில் 30-தான். அழகு பார்க்கவேண்டிய இடத்தில் பாதியாகக் குறைத்துவிட்டார்களே என்று தோன்றும். அந்தக் காட்சியில் யாரும் யாரையும் தடுக்கப்போவதில்லை, தீர்ப்பு வந்தாயிற்று. அது சினிமா. சினிமாவுக்குச் சலுகை உண்டு, சண்டைக்கு இல்லை.

2014-ல் வந்த 'கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி' இன்னும் அழகு. உள்ளே கணக்கு நொடிக்கு 60. ஆனால் உருவங்கள் கையால் வரைந்த ஜப்பானிய கார்ட்டூன் மாதிரி ஒரு போஸில் சில ஃப்ரேம் நின்று, சட்டென்று அடுத்த போஸுக்குத் தாவும். வழவழவென்று நகர்த்த வசதியிருந்தும் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். படத்தின் தாளம் வேறு, சட்டத்தின் தாளம் வேறு என்று இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவர்களை நான் பார்த்ததில்லை. மார்க் போடச் சொன்னால் இதற்கு நூறு போடுவேன்.

குறையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது விமர்சனம் இல்லை, விளம்பரம். இந்தத் துல்லியம் சில சமயம் கொடுங்கோலாகிவிடுகிறது. 2008-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4'-ல் சில அடிகளைச் சேர்க்க சரியாக ஒரே ஒரு ஃப்ரேம்தான் வாசல். நொடியில் அறுபதில் ஒரு பங்கில் அழுத்தினால் உண்டு, இல்லையேல் இல்லை. எதிராளியின் மனசைப் படிக்கவேண்டியவன் விரலை மட்டும் தேய்த்துக்கொண்டிருப்பான். புதிதாக வருகிறவன் பயந்து ஓடிவிடுவான். அடுத்து 2016-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் கொஞ்சம் முன்னாடியே அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும்படி வாசலை அகலமாக்கினார்கள். பூட்டு அப்படியே இருக்க, வாசல் மட்டும் அகலம். இதுதான் சரியான திருத்தம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஒரே மெஷின் முன் இருவரும் உட்கார்ந்த காலம் போய்விட்டது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் பள்ளிப் பிள்ளைகள் 'டெக்கன் 3' ஆடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் கேமை கம்ப்யூட்டரில் பாவனை செய்து ஓட்டுவார்கள். பழைய மெஷின், மூச்சு வாங்கும். ஆட்டம் திடீரென்று தண்ணீருக்குள் நடப்பதுபோல் மந்தமாகும். ஆனால் யாரும் சண்டை போடவில்லை. மந்தமானது இரண்டு பேருக்கும்தானே? மெஷினால் முடியாதபோது காலமே மெதுவாக நடந்தது, ஒரு படியையும் தாண்டவில்லை. ஒரே கீபோர்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடினார்கள். ஏழை மெஷின்தான், ஆனால் நியாயம் குறையவில்லை.

லாகூரின் கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷினில் இப்படித்தான் பழகினார் அர்ஸலான் ஆஷ். 2019-ல் ஈவோ ஜப்பான், ஈவோ இரண்டிலும் 'டெக்கன் 7' பட்டத்தை வாங்கியபோது உலகம் திகைத்தது. என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னது அடக்கத்துக்காக மட்டும் இல்லை. லாகூர் மெஷினிலும் லாஸ் வேகாஸ் மெஷினிலும் ஒரு குத்து 10 ஃப்ரேம்தான். வசதி குறைந்த ஊர்ப் பையன் உலகத்தோடு மோத முடிகிறதென்றால், விசாவும் டிக்கெட்டும் போக, அவனுக்குக் கிடைத்த பெரிய சலுகை இந்தப் பூட்டு.

இப்போது ஆட்டம் இணையத்தில். சென்னைக்கும் டோக்கியோவுக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 6,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் கேபிள் போட்டால்கூட ஒரு வழிக்கு 32 மில்லி செகண்ட், இரண்டு ஃப்ரேம். இதை யாராலும் வெல்ல முடியாது, ஐன்ஸ்டைன் வாசலில் நிற்கிறார். ஈவோவை நிறுவியவர்களில் ஒருவரான டோனி கேனன் 2006-ல் ஒரு உபாயம் கண்டுபிடித்தார். எதிராளியின் பட்டன் வந்துசேரும்வரை காத்திருக்காதே, போன படியில் அழுத்தியதையே இப்போதும் அழுத்துகிறான் என்று ஊகித்து ஆட்டத்தை நடத்து. ஊகம் தப்பென்று தெரிந்தால் இரண்டு மூன்று படி பின்னால் போய், சரியான பட்டனை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டு, கண்ணுக்குத் தெரிவதற்குள் இன்றைய படிக்கு ஓடி வந்துவிடு. இது நடக்கவேண்டுமானால் இரண்டு ஊரிலும் படிகளின் எண்ணிக்கையும் உயரமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவேண்டும். பூட்டு இல்லாவிட்டால், எந்தப் படிக்குப் பின்னால் போவது?

ஆக, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று எண்ணி மார்க் போடும் விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சண்டை கேமைப் பார்க்கும்போது அது எவ்வளவு காட்டுகிறது என்று கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று கேளுங்கள்.

பையன் யோசித்தான். "அப்ப என் மானிட்டர் தண்டமா?"

தண்டமில்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழே வரைந்து முடிக்க 16 மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், வேக மானிட்டர் பாதிக்குள் முடித்துவிடும். தகவல் கொஞ்சம் முந்தி வரும். ஒரே சிக்கல், 144-ஐ 60-ஆல் வகுத்தால் மீதி வரும். ஒரு படத்தை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று காட்டும், தாளம் நொண்டும். கேமுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி மானிட்டரில் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் செட்டிங்கில் 120 வைத்துவிடு, ஒவ்வொரு படத்துக்கும் சரியாக இரண்டு. காசு கொடுத்து 144 வாங்கி 120-ல் ஓட்டச் சொல்கிறேனே என்று முறைத்தான். ஆனாலும் வைத்தான்.

சத்தம் கேட்டு அக்கா வீட்டுக்காரர் வந்தார். "நான் ஒரு ஆட்டம் ஆடறேன் குடு" என்று இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார். 30 வருஷம் லேத் பிடித்த கை, நூலிழை பிசகாது என்று அவருக்கு ஒரு பெருமை. அரை நிமிஷத்தில் தரையில் கிடந்தார். இன்னொரு தடவை. மறுபடி தரை.

"என் கன்ட்ரோலர் ஏதோ ஸ்லோவா இருக்குடா" என்றார்.

"இல்லப்பா. உங்களுக்கும் அதே அறுபதுதான்" என்றான் பையன்.

காபி வந்தது. வழக்கு தள்ளுபடி.